மதில் மேல் சேவல்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது புலர இன்னும் ஐந்து நாழிகை இருக்கையில், மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் 12 வீடுகள் கொண்ட அடுக்ககத்தின் மொட்டை மாடியிலிருந்து ஒரு சேவல் கூவிற்று. தஞ்சாவூர் ஜில்லாவின் கிராமம் ஒன்றில் பிறந்து, சேவலின் குரலையே கடிகாரமாகக் கொண்டு வளர்ந்து, பின்னர் 35 ஆண்டுக் காலம் அலுவலகக் கடிகாரத்துக்கு அடிமையாயிருந்து, இப்போது எந்தக் கடிகாரமும் வேண்டாத ஓய்வு நிலையை எய்திவிட்ட எனக்கு அந்தக் குரல் பரமானந்தத்தைத் தந்தது. அதே குரல், இரவெல்லாம் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்காகக் கணினியின் முன் கண்விழித்துவிட்டு மூன்றரை மணிக்குத்தான் தலையணையில் சாய்ந்த மூன்றாம் மாடி இளைஞருக்கு எதைத் தந்தது என்பதை அன்று மாலையே தெரிந்துகொண்டேன்.

வாசலில் நின்ற அவர் உள்ளே வரக்கூடத் தயங்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மாடியில இருக்கற சேவல் உங்களோடதா?"

"என் பேத்தியோடது" என்றேன், பொறுப்பில் பாதியையேனும் குறைத்துக்கொள்ளும் நோக்கத்துடன்.

"நாலு மணிக்கே ஆரம்பிச்சுடுது சார். நான் படுக்கறதே மூன்றரைக்கு."

இவ்வளவுதான் அவர் சொன்னது. கோபித்திருந்தால் நானும் கோபித்து விஷயத்தை முடித்திருப்பேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டபடியால் பதில் சொல்ல வேண்டியவனானேன். ஒரு மனிதன் தன் வீட்டில் எந்தப் பிராணியை வளர்க்கலாம், எதை வளர்க்கலாகாது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கியதும், இந்த நீண்ட பதிவை எழுத நேர்ந்ததும் அந்த மரியாதையின் விளைவே.

சேவல் எங்கள் வீட்டுக்கு வந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்து வாசலில் அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகளை வைத்துக்கொண்டு ஒருவர் விற்பார். இயற்கை கொடுத்த மஞ்சள் போதாதென்று அவற்றுக்கு ஊதா, பச்சை, ரோஜா என்று சாயம் தோய்த்திருக்கும். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரித்துத் தரும் நிலையங்களில் கழித்துவிடப்பட்ட ஆண் குஞ்சுகள். முட்டையிடப் போவதில்லை, இறைச்சிக்கும் லாபமாக வளரப் போவதில்லை, ஆகவே பிறந்த அன்றே பயனற்றவை என்று தீர்ப்பளிக்கப்பட்ட ஜீவன்கள். இதை அறியாத குழந்தைகள் ஆசைப்பட்டு வாங்குகின்றன. பெரும்பாலான குஞ்சுகள் ஒரு வாரத்துக்குள் மாண்டுபோகின்றன. பெற்றோர் சங்கடத்திலிருந்து விடுபடுகிறார்கள். எங்கள் பேத்தி வாங்கி வந்த இரண்டில் ஒன்று அவ்வாறே மூன்றாம் நாள் கண்ணை மூடிற்று. மற்றொன்று, அரிசி நொய்யும் என் மனைவியின் மஞ்சள் வைத்தியமும் பெற்றுப் பிழைத்து, ஊதாச் சாயம் உதிர்ந்து, வெள்ளைச் சிறகும் சிவந்த கொண்டையும் தாங்கி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நான் அடித்துக் கொடுத்த மரக்கூண்டில் யுவராஜனைப்போல் குடியேறிற்று. ஆண் குஞ்சை வாங்கி வளர்த்தால் அது ஒருநாள் கூவத்தான் செய்யும் என்ற எளிய உண்மை, படித்தவர்கள் நிறைந்த எங்கள் வீட்டில் ஒருவருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லை.

அது கூவிய மறுகணமே எதிர்வீட்டு மொட்டை மாடியில் கட்டியிருக்கும் நாய் குரைக்கும். கைப்பிடிச் சுவரின் கம்பியோடு பிணைத்திருக்கும் அந்த நாயை நாங்கள் ஐந்தாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். "தாத்தா, அது ஏன் எப்பவும் அங்கேயே இருக்கு?" என்று பேத்தி ஒருமுறை கேட்டாள். காவலுக்கு என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் கூடிற்று. ஒரு சேவலைப் பற்றிய பிரஸ்தாபம், சங்கங்களுக்கே உரிய வேகத்தில் பரந்து விரிந்து, "இக்குடியிருப்பில் எவரும் எவ்விதப் பிராணியும் வளர்த்தலாகாது" என்ற தீர்மானமாக உருவெடுத்தது. அதுவரை என் சேவலுக்கு எதிராகத் தலையசைத்துக்கொண்டிருந்த இரண்டாம் மாடி அம்மையார், தம்முடைய லாப்ரடார் நாயும் அந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டதை உணர்ந்தவுடன் எழுந்து நின்றார். நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்ற இன்னொருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சங்கத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று அறிவித்தார். அவர் சொன்னது மெய்யே. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, வளர்ப்பு நாய்களைக் குடியிருப்பிலிருந்து விலக்கும் தீர்மானத்தை எந்தச் சங்கமும், பெரும்பான்மை வாக்குப் பெற்றாலும்கூட, நிறைவேற்ற முடியாது. அவற்றை மின்தூக்கியில் ஏற்றலாகாது என்று தடுக்கவும் முடியாது. அம்மையார் அமர்ந்தார். ஆனால் அந்த வழிகாட்டுதல் நாயைப் பற்றிப் பேசுகிறதேயன்றிச் சேவலைப் பற்றிப் பேசவில்லை. என் கட்சிக்காரன் வளர்ப்புப் பிராணியா, பண்ணைப் பிராணியா என்ற பெரிய கேள்வி எழுந்து, காப்பி வந்ததனால் ஒத்திவைக்கப்பட்டது.

ஆகவே நானே சட்டப் புத்தகங்களைத் தேடிச் சென்றேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியின் அளவு 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. சேவலின் தொழில் நேரமோ அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு மறுபிறவி எடுத்தது, பொதுத் தொல்லைகளை நீக்க நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. ஆபத்தான பிராணியாயின் அதை அழிக்கவோ, அடைத்துவைக்கவோ, அப்புறப்படுத்தவோ அவர் உத்தரவிடலாம். ஒன்றேகால் கிலோ எடையுள்ள எங்கள் சேவலை ஆபத்தான பிராணி என்று வாதிட யாரும் துணியமாட்டார்கள் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவளுடைய புறங்கையில் அது கொத்திய வடு இருந்தபடியால் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

என் பாட்டனாரின் காலத்தில் இவ்வளவு புத்தகங்கள் தேவைப்படவில்லை. வீட்டில் என்ன வளர்க்கிறாய் என்று அக்காலத்தில் யாரும் கேட்டதில்லை. கொல்லையில் நான்கு கறவையும் ஒரு ஜோடி உழவு மாடும், திண்ணையடியில் நாயும், உத்தரத்தில் பூனையும், கூடத்தில் கூண்டுக் கிளியும் இருந்த வீடு அது. வளர்த்த பிராணி வேலியைத் தாண்டிய பின்புதான் சட்டம் கண் விழிக்கும். பிறர் பயிரில் வாய் வைத்துத் திரியும் மாட்டுக்குக் கொண்டிமாடு என்று பெயர். அதைப் பிடித்து அடைக்குமிடம் கொண்டித்தொழு. வெள்ளைக்காரன் வந்தபிறகு அது பவுண்டு ஆயிற்று. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், தன் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பும் உரிமையை உழவனுக்குத் தந்தது. மாட்டுக்காரன் வந்து அபராதத்தையும் தீவனச் செலவையும் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். ஏழு நாளில் வராவிட்டால் ஊரிலும் சந்தையிலும் தண்டோராப் போட்டு, அதற்கு மேலும் ஏழு நாள் பார்த்துவிட்டு மாட்டை ஏலம் விடுவார்கள். அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு 'கால்நடை' என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறுகையில், ஆடு, பன்றி, கழுதை, ஒட்டகம் ஆகியவற்றோடு யானையையும் சேர்த்திருக்கிறது. வயலில் புகுந்த யானையை எங்கள் ஊர்ப் பவுண்டுக்கு ஓட்டிச் சென்றிருந்தால், ஓட்டிச் சென்றவனைப் பற்றிக் கவலைப்படுவதா, முள்வேலி போட்ட அந்தப் பவுண்டைப் பற்றிக் கவலைப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருமுறை எங்கள் வீட்டுச் செவலைப் பசு பக்கத்து மிராசுதாரின் உளுந்துக் கொல்லையில் புகுந்து அகப்பட்டுக்கொண்டது. என் பாட்டனார் பவுண்டுக்குப் போய்ப் பணத்தைக் கட்டி மீட்டுவந்தார். வந்தவர் பசுவை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாமல், அதன் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, அன்று மாலையே உளுந்துக்காரர் வீட்டுக்கு ஒரு செம்பு பாலும் கொடுத்தனுப்பினார். அபராதம் சர்க்காருக்கு, பால் அயலாருக்கு என்று அவர் கணக்கு வைத்திருந்தார்போலும்.

பழைய கதை ஒன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து மனுநீதிச் சோழனிடம் நியாயம் கேட்டது என்பதை அறியாத தமிழர் இல்லை. கோயிலுக்கு வெளியே கல்தேரும் நிற்கிறது. இந்தக் காலத்தில் அந்தப் பசு மணியை அடிக்குமாயின், கன்றைப் பொதுவீதியில் அவிழ்த்துவிட்ட குற்றத்துக்காக அதன் சொந்தக்காரருக்கு முதலில் அபராத ரசீது வந்துசேரும்.

பரிகாசமாகச் சொல்லவில்லை, சென்னையின் நடைமுறை இன்று அதுதான். நான் இந்நகரத்துக்கு வந்த 1970-களில், பால்காரர் பசுவையே வாசலுக்கு ஓட்டிவந்து, நம் கண்முன் கறந்து, அளந்து ஊற்றிவிட்டுப் போகும் வழக்கம் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் இருந்தது. நகரத்துக்குள் அடைபட்டிருந்த கறவைகளை வெளியே குடியேற்ற வேண்டுமென்ற யோசனை அதற்கும் முந்தியது. மாதவரத்தில் பால் குடியிருப்பு ஏற்பட்டது அந்த நோக்கத்தோடுதான். அங்கே காவல் நிலையத்துக்கே பால்பண்ணை என்று பெயர் நிலைத்துவிட்டது. மாடுகளோ முழுவதுமாகப் போகவில்லை. திருவல்லிக்கேணியின் சந்துகளிலும் வடசென்னையின் குடிசைப் புறங்களிலும் தலைமுறை தலைமுறையாக மாட்டை நம்பியே ஜீவிக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 1997-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தி முறைப்படுத்துவதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. வளர்ப்பதற்கு உரிமம் வேண்டும் என்பது அதன் சாரம். இப்படியொரு சட்டம் இருப்பதை நான் அறிந்தது சேவல் கூவிய பிறகுதான் என்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அரும்பாக்கத்தில், தாயோடு பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைத் தெருவில் சென்ற மாடு முட்டித் தள்ளி மிதித்தது. அந்தக் காட்சி ஊரெங்கும் கைப்பேசிகளில் பரவியது. பார்த்தவர்களில் நானும் ஒருவன். இன்னொருமுறை பார்க்கும் மனோதிடம் எனக்கு இல்லை. அதற்குப் பின் மாநகராட்சி அபராதத்தை உயர்த்திற்று: தெருவில் திரியும் மாடு முதல் முறை பிடிபட்டால் 5,000 ரூபாய், மறுமுறை 10,000. அதுவும் போதாதென்று 2024-ல் அவை 10,000 என்றும் 15,000 என்றும் ஆயின. பராமரிப்புச் செலவு தனி. பிடிபட்டவற்றைப் பெரம்பூரிலும் புதுப்பேட்டையிலும் உள்ள தொழுவங்களில் அடைக்கிறார்கள். மாடு ஒன்றுக்கு 36 சதுர அடி இடம் இருந்தாலன்றி வளர்க்க அனுமதியில்லை என்றும் சொல்லப்பட்டது.

திருவல்லிக்கேணியில் எனக்குப் பல காலமாகப் பழக்கமான பால்காரம்மாள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சாணத்தை வழித்துக்கொண்டே பதில் சொன்னார்:

"மாட்டுக்கு ஆறுக்கு ஆறு எடம் காட்டணுமாம் ஐயா. எங்க வூட்ல மனுசாளுக்கே அவ்ளோ கெடையாது. நாங்க அஞ்சு பேரு."

"அதுக்காகத் தெருவுல விடலாமாம்மா? கொழந்தைங்க நடக்கற எடமாச்சே."

"விடக்கூடாதுதான். காலையில கறந்துட்டு அவுத்து வுட்டா, அதுவா மேஞ்சுட்டு சாயங்காலம் வந்துடும். கட்டிப்போட்டு வைக்கோல் வாங்கிப் போட்டா, பாலு வித்த காசு வைக்கோலுக்கே பத்தாது. எனக்கும் தெரியும் ஐயா, அது தெருவுல திங்கறது பிளாஸ்டிக்குன்னு."

அவரிடத்தில் எனக்கு அனுதாபம் உண்டு. ஆயினும் நியாயம் அவர் பக்கத்தில் இருப்பதாக என்னால் சொல்ல இயலவில்லை. கறவைக்கு ஆகும் தீவனச் செலவைத் தெருவின் தலையிலும், தெருவில் நடப்போரின் உயிரின் மேலும் சுமத்திவிட்டு, பாலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகும் கணக்கு நெடுநாள் நடந்துவிட்டதனாலேயே தர்மமாகிவிடாது. அபராதம் வேண்டியதுதான். இடமில்லாதவர்களின் மாடுகளுக்கு மாநகராட்சியே கொட்டகை கட்டி, சொற்பக் கட்டணத்தில் கட்டிவைத்துக்கொள்ள விடும் ஏற்பாட்டையும் இப்போது தொடங்கியிருக்கிறார்கள். அபராதம் வருமுன் கொட்டகை வந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம் ஸ்தல ஸ்தாபனங்களில் ரசீதுப் புத்தகம் எப்போதும் கட்டடத்துக்கு முந்தி அச்சாகிவிடுகிறது.

நாயின் வியவகாரம் வேறு விதமானது. நாய்க்கு உரிமம் என்பது சென்னையில் பழைய ஏற்பாடு. ஆண்டுக்கு 50 ரூபாய். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டதற்குச் சான்றும் நாயின் புகைப்படமும் இணைத்து விண்ணப்பித்தால் கிடைத்துவிடும். இவ்வளவு மலிவான உரிமத்தை வாங்குவதற்கு ஆள் இல்லாமல் அது நெடுங்காலம் தூங்கிக்கிடந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் நுங்கம்பாக்கத்துப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய பின்னர்தான் உரிமம் என்ற சொல் வீடுகளில் அடிபடலாயிற்று. அந்தப் பரபரப்பில் நடந்த ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். மத்திய அரசு அதே ஆண்டு மார்ச்சில் அனுப்பிய சுற்றறிக்கையைப் பின்பற்றி, 23 இனத்து நாய்களை வளர்க்கவும் விற்கவும் தடை என்று மாநிலத்தின் கால்நடைத் துறை உத்தரவிட்டது. மை உலர்வதற்குள் அதை நிறுத்தியும் வைத்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை அதற்கு முந்திய மாதமே ரத்து செய்துவிட்டிருந்ததை யாரேனும் நினைவூட்டியிருக்க வேண்டும்.

இனத்தைத் தடைசெய்வது எளிது, காகிதம் போதும். வளர்ப்பவனின் அஜாக்கிரதையைத் தடைசெய்வதுதான் கடினம். அதற்கும் சட்டம் இல்லாமலில்லை. தன் பிராணியால் பிறர் உயிருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறியவனுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு சொல்லிற்று. புதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அபராதம் மட்டும் 1,000-லிருந்து 5,000 ஆயிற்று. 2025-ன் இறுதியில் மாநகராட்சி, உரிமம் பெறாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும், நாய்க்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும் என்றும் அறிவித்தபோது, எங்கள் தெருவில் அதுவரை வெளிச்சத்துக்கு வராத நாய்களெல்லாம் வரிசையாகத் தடுப்பூசிக்குப் புறப்பட்டதைக் கண்டேன். நல்ல காரியம். நாய்க்கடியால் வரும் நோய்க்கு, கண்டுவிட்ட பின் மருந்து இல்லை என்பதை அறிந்தவர்கள் இந்த 50 ரூபாயைப் பற்றி முணுமுணுக்க மாட்டார்கள்.

கிளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கும்பகோணத்தில் என் அத்தை வீட்டில் கூண்டில் வளர்ந்த பச்சைக்கிளி, வருவோரையெல்லாம் வாங்கோ என்று அழைக்கும். அத்தை காலமான பின்னும் சில மாதம் அவர் குரலிலேயே அழைத்துக்கொண்டிருந்தது. இன்று அந்தக் கிளியை வைத்திருப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் ஆகாது. ஆனால் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் கடைகளில் விற்கும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகளை எவரும் வளர்க்கலாம்.

இத்தனையையும் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. கிளியின் சட்டம் ஒன்றை நீக்கிவிட்டால், மற்றவை அனைத்தும் பிராணியைப் பற்றியவையே அல்ல, மதிலைப் பற்றியவை. மாட்டின் கொம்பு மதிலைத் தாண்டினால் அபராதம். நாயின் பல் தாண்டினால் சிறை. சேவலின் குரல் தாண்டினால் டெசிபல். என் பாட்டனார் காலத்துக் கொண்டித்தொழுவிலிருந்து இன்றைய மைக்ரோசிப் வரைக்கும் சட்டம் காப்பது அயலானை. காக்கட்டும்; அயலானும் ஜீவன்தான். ஆனால் மதிலுக்கு உள்ளே அந்தப் பிராணி எப்படி இருக்கிறது என்று கேட்பவர் யார்?

கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் இந்தச் சென்னைக்காரர். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1953-ல் பிராணிகளிடம் கொடுமை செய்வதைத் தடுக்கும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே அவ்விதச் சட்டம் செய்யும் என்று நேரு உறுதியளித்ததன்பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்து அவரே அதன் முதல் தலைவரானார். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் இந்நகரத்திலேயே இருந்து, பின்னர் ஹரியானாவுக்குப் போயிற்று.

அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை நான் இரண்டு முறை படித்தேன். பிராணியை நியாயமற்ற நேரம் சங்கிலியில் பிணைத்துவைப்பது குற்றம். நியாயமற்ற அளவுக்குக் குட்டையான, அல்லது கனமான சங்கிலியால் கட்டுவது குற்றம். அசைந்து திரும்புவதற்குப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அடைப்பது குற்றம். உணவும் நீரும் நிழலும் தராமலிருப்பது குற்றம். எவ்வளவு தெளிவாக, எவ்வளவு கருணையோடு எழுதப்பட்டிருக்கிறது என்று வியந்துகொண்டே தண்டனை என்ன என்று பார்த்தேன். முதல் முறையாயின் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம். மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-ல் எழுதிய உச்சத் தொகை, இன்றும் அதுவே. 50 ரூபாய் அன்று ஓர் ஏழைத் தொழிலாளியின் மாதச் சம்பாத்தியமாக இருந்திருக்கக்கூடும். இன்று எங்கள் தெருமுனைக் கடையில் இரண்டு காப்பிக்கு அது போதாது.

மாட்டைத் தெருவில் விட்டால் 10,000. நாய்க்கு உரிமம் வாங்காவிட்டால் 5,000. அதே நாயை வெயிலில் வருஷக்கணக்காகக் கட்டிவைத்தால் 50. முதல் இரண்டு தொகைகளும் அவ்வப்போது ஏறுகின்றன. மூன்றாவது அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நின்ற இடத்தில் நிற்கிறது. அதை உயர்த்தச் சொல்லி மனுப்போட அந்தப் பிராணிகளுக்குச் சங்கம் இல்லை, அயலானுக்கு இருக்கிறது.

சேவலின் கதையை முடித்துவிடுகிறேன். மூன்றாம் மாடி இளைஞரும் நானும் சமாதானமாகிவிட்டோம். ஒளி புகாதபடி மூடிவைத்தால் சேவல் விடியலை அறியாமல் தாமதித்துக் கூவும் என்று அவரே எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். கூண்டைச் சாக்கால் மூடினோம். இருட்டுக்குப் பழகிய சேவல் அதற்குள்ளும் கூவிற்று. கழுத்தை நீட்டித்தான் கூவ முடியும், நீட்ட இடமில்லாவிட்டால் கூவாது என்று கேள்விப்பட்டு, தாழ்ந்த கூரையுள்ள பெட்டி ஒன்றைத் தயார் செய்தோம். முதல் நாள் இரவு அது மௌனமாக இருந்தது. இளைஞர் நிம்மதியாக உறங்கினார். காலையில் பெட்டியைத் திறந்தபோது, கொண்டை கூரையில் உராய்ந்து ரத்தம் கட்டியிருக்க, எழுந்து நிற்கவும் மறந்ததுபோல் அது குந்தியிருந்தது. 11-ஆம் பிரிவு, கூண்டின் உயரம், 50 ரூபாய் என்ற மூன்றும் அந்தக் கணத்தில் என் நினைவுக்கு வந்தன. அயலானுக்குச் செய்ய வேண்டிய நியாயத்தை அந்தப் பிராணியின் கழுத்தைக் கொண்டே செய்துவிட்டேன்.

அந்த வாரமே அதை ஊருக்குக் கொண்டுபோய்த் தம்பியின் வீட்டுக் கொல்லையில் விட்டோம். பேத்தி மன்னார்குடி வரை பேசாமல் வந்தாள், திரும்பும்போது அழுதாள். சென்ற வாரம் தம்பி தொலைபேசியில் அழைத்து, சேவல் பக்கத்து வீட்டார் காயவைத்த நெல்லைக் கிளறிவிட்டதென்றும், அவர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்களென்றும் சொன்னான். ஒரு படி நெல்லைக் கொண்டுபோய்க் கொடு என்றேன்.

எதிர்வீட்டுக்காரரையும் ஒருநாள் மாலை சந்தித்து, அவருடைய நாயைப் பற்றி இதமாகவே பேச்செடுத்தேன். "எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று உள்ளே போய்க் காகிதங்களை எடுத்துவந்து காட்டினார். உண்மைதான். உரிமம் இருக்கிறது, தடுப்பூசிச் சான்று இருக்கிறது, மைக்ரோசிப்பும் பொருத்தியாயிற்று. சங்கிலியின் நீளம் மூன்று முழம்.